யார் அந்த கீதா?

ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆன்சி படியேறி வந்தபோது மேலே அவளுடைய டீம் லீடர் கருணாகரன் மட்டும்தான் இருந்தார். ஜன்னல் வழியாக மீன் கவிச்சி குபுகுபுவென்று வந்தது. அவளுக்கு உறைக்கவில்லை. புருஷன் பிராங்கிளின் எண்ணூர் ரோட்டில் லாரி மோதிச் செத்த நாளிலிருந்தே அவளுக்கு எல்லாம் மரத்துப் போயிருந்தது. அழுகைகூட வரவில்லை.

இதே ஆபீஸில் அவன் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். துறைமுகத்துக்குள் ஒரு கண்டெய்னர் இருக்கிறதா என்று கேட்கும் ஃபங்ஷனுக்கு அந்தக் குறும்புக்காரன் வைத்த பேர் ‘கீதா’, மெட்ராஸ் பாஷையில் ‘இருக்கிறதா’. கண்டெய்னர் நம்பரைக் கொடுத்தால் ‘கீது’ என்று பதில் வரும், அல்லது ‘இல்ல’ என்று வரும். பிறகு நாகரிகமாக வேறு பேர் வைத்தார்கள். ஆனால் பழைய பேரை நம்பி வெளியே பிளகின் என்ற துணை புரோகிராம் எழுதுகிறவர்கள் தவித்துப் போகக் கூடாதே என்று பழைய பேரையும் விட்டு வைத்திருந்தார்கள்.

“எல்லாரும் புதுப் பேருக்கு மாறிட்டாங்கோ ஆன்சிம்மா. யார் அந்த கீதான்னு ஹெட் ஆபீஸ்ல கேட்டு சிரிக்கிறான். இன்னிக்கு அந்தப் பழைய பேரைத் தூக்கிடு,” என்றார் கருணாகரன்.

பிராங்கிளின் வீட்டுக்குள் நுழையும்போதே “ஆன்சி கீதா?” என்று ஏதோ சாமானைத் தேடுவதுபோல் கேட்பான் பாவி. “கீது, கீது” என்பாள் அடுப்படியிலிருந்து. இதையும் அழித்துவிட்டால் அந்தக் கேள்வி உலகத்தில் எங்கேயும் இருக்காது. அது தெரிந்தும் அவள் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

அழித்தாள்.

ஃபேன் நின்றது. விளக்கு மட்டும் எரிந்தது.

திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. யாரோ ‘கீதா’வைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“யாருண்ணே கூப்புடறது?”

கருணாகரன் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “இன்னாம்மா இது? கண்டெய்னர் நம்பர் இருக்க வேண்டிய எடத்துல உன் பேரு கீது!”

மறுபடியும் வந்தது.

மறுபடியும்.

ஆன்சி. ஆன்சி. ஆன்சி.

மீன் கவிச்சியை அமுக்கிக்கொண்டு பிராங்கிளின் போடும் பவுடர் வாசனை வந்தது. அது மட்டும் அவளுக்கு உறைத்தது.

“வேணாம்மா, மூடிடு,” என்று கிசுகிசுத்தார் கருணாகரன்.

அவள் மூடவில்லை. அழித்த வரியைத் திரும்பப் போட்டாள்.

கீது, என்றது திரை.

ஃபேன் மெல்லச் சுற்றத் தொடங்கியது. அப்பாடா என்று கருணாகரன் நாற்காலியில் சாய்ந்தார். அதற்குள் இன்னொரு கேள்வி வந்துவிட்டது. இந்த முறை பேர் வேறு.

பிராங்கிளின்.

ஆன்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ‘இல்ல’ என்றுதானே வரும், வேறு என்ன வரும் என்று நினைக்கும்போதே இத்தனை நாள் வராத அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பதிலைக் கருணாகரன்தான் படித்தார், நாக்குக் குழற.

“கீது.”