சுவர் குடித்த தண்ணீர்

ஒரு குழந்தையின் முகத்துக்கு நான் பேசி முடித்த விலை, சதுர அடிக்கு எண்பது.

நூற்றிருபதில் ஆரம்பித்தேன். கிடங்குக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். விலை கேட்டு நெஞ்சைப் பிடிக்கிறவர்கள் எவரும் இதுவரை செத்ததில்லை. பெயின்ட் கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்து நான் கற்ற வைத்தியம் அது.

"எழுத்துக்கு எண்பதுன்னா மூஞ்சிக்கும் எண்பதுதான். சுவருக்கு மூஞ்சி என்ன, முதுகு என்ன?" என்றார்.

நானும் சிரித்துக்கொண்டே கை கொடுத்தேன். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்க இப்போது என்ன விலையும் கொடுப்பேன்.

மூன்று மாடிக் கிடங்கு. அதை விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார். கிழக்குச் சுவர் முழுக்க ஒரு பழைய விளம்பரம். பாலில் கலந்து குடிக்கும் ஏதோ ஒரு சத்துப் பொடி. நான் பிறக்கும் முன்பே அந்தக் கம்பெனி மண்டையைப் போட்டுவிட்டது. வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ள, அந்த விளம்பரத்தைப் பழையபடி கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை.

"பழசு மாதிரியே இருக்கணும். ஆனா புதுசாவும் இருக்கணும்."

"உங்க தலைமயிர் மாதிரியா?" என்று கேட்டேன். வாரம் தவறாமல் சாயம் அடிக்கிறவர். கோபித்துக்கொள்ளவில்லை.

சுவரில் பாதி எழுத்து இருந்தது. ஒரு சிறுமி ஏந்திய கோப்பை இருந்தது. சிறுமி இல்லை. அந்தக் காலத்து வெள்ளைச் சாயத்தில் ஈயம் கலப்பார்கள். ஈயம் லேசில் சாகாது. கோப்பை நேற்று வரைந்தது போல் பளிச்சென்று நின்றது. முகத்தின் ரோஜா நிறத்தை வெயில் தின்றுவிட்டிருந்தது. கோப்பைக்கு மேலே ஒரு மங்கல் கறை, அவ்வளவுதான்.

வரைய வேண்டியவர் என் தங்கையின் கணவர். எட்டு மாதமாக மாப்பிள்ளை பிரஷைத் தொடவில்லை. அவர்களுடைய ஒரே மகள், ஆறு வயது, ஆஸ்பத்திரியில் இறந்துபோனதிலிருந்து. மிளகு என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். அளவும் அப்படி, காரமும் அப்படி.

உண்மையைச் சொன்னால், எண்பதுக்காக நான் அந்த வேலையைப் பிடிக்கவில்லை. தங்கை வந்து அழுதாள்.

"அண்ணா, அவரை எதுலயாவது ஏத்தி விடு. வீட்ல உக்காந்து சுவரையே பாத்துட்டிருக்கார்."

"அதுக்குக் காசு தர ஆள் பிடிச்சிருக்கேன்னு போய்ச் சொல்லு" என்றேன்.

எட்டு மாதத்தில் அவள் முகம் லேசாக அசைந்தது அன்றுதான்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மங்கிப்போன சுவர் ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளித்தால், செத்த நிறம் கொஞ்ச நேரம் எழுந்து நிற்கும். ஈரம் காய்வதற்குள் அதன் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் கோட்டுக்குள் புது நிறம். சுவர் எழுதுகிற எவருக்கும் தெரிந்த சங்கதி. பேய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்படித்தான் நானும் நினைத்தேன்.

முதல் நாள் காலை. மாப்பிள்ளை சாரத்தில் ஏறி எழுத்துகள் மேல் தண்ணீர் அடித்தார். ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கீழே நின்று நான் டப்பாக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முகத்துக்குப் போனார். மேலே சத்தமே இல்லை.

"மாப்பிள்ளை, கோடு போட்டாச்சா?"



"மச்சான். மேல வாங்க." தூங்குகிற குழந்தை பக்கத்தில் படுத்திருக்கும்போது பேசுவோமே, அந்தக் குரல்.

என் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். ஈரச் சுண்ணாம்பு வாசனை. ஈரத்துக்குள்ளிருந்து ஒரு முகம் கோப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இடது புருவத்தில் ஒரு வெட்டு.

அந்த வெட்டு எனக்குத் தெரியும். நான்கு வயதில் என் கடைக்குள் ஓடிவந்து, பெயின்ட் டப்பா விளிம்பில் மோதி அவள் வாங்கிக்கொண்டது. மூன்று தையல். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"யாரு மச்சான் இது?"

"பழைய விளம்பரத்துல எல்லாக் குழந்தையும் ஒரே அச்சுதான் மாப்பிள்ளை." பொய் என் தொழில். இதைவிட மட்டமாக ஒரு பொய்யை நான் விற்றதில்லை.

ஈரம் காய்ந்தது. முகம் போனது. அவர் சாக்பீஸைத் தொடவேயில்லை. அடுத்த வாளியை எடுத்தார்.

செங்கல் சுவர் முதல் தண்ணீரைக் குடிக்கும், இரண்டாவதைக் கீழே விடும். அன்று அந்த முகம் ஒன்பது வாளி வாங்கியது. இறங்கி வந்து பார்த்தேன். சுவரடியில் புழுதி புழுதியாகவே கிடந்தது.

ஒரு சொட்டு கீழே வரவில்லை.

காதைச் சுவரில் வைத்தேன். வைத்திருக்கக் கூடாது.

மடக். மடக். மடக்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் அவர் சாரத்தில் இருந்தார். எழுத்துகளைக் கடனே என்று முடித்தார்; மற்ற நேரமெல்லாம் வாளிதான். கயிறு இழுத்துக் கையில் தோல் உரிந்தது. சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனபடியே திரும்பியது. ஒவ்வொரு முறை நனையும்போதும் முகம் கோப்பையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தது. உதடுகளில் இருந்த வெடிப்பு கொஞ்சம் மூடியது.

ஒரு மத்தியானம் தங்கை வந்து கீழே நின்றாள்.

"அண்ணா, அவர் யாருக்குத் தண்ணி ஊத்தறார்?"

"சுவருக்கு."

அவள் மேலே பார்க்கவில்லை. சுவரடிக் காய்ந்த மண்ணைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி, வெறுங்காலை அதில் வைத்துப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பத்தாம் நாள் மாப்பிள்ளைக்குச் சாரத்தில் தலைசுற்றி, ஒரு கால் பலகையை விட்டு நழுவியது. குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் உயிரோடு இருக்கிறார். அன்று முடிவு செய்தேன். மருமகளைக் கொடுத்தாகிவிட்டது, மாப்பிள்ளையையும் கொடுக்க முடியாது. டாக்டரிடம் ரத்தம் சோதித்துவிட்டு வரச் சொல்லி அவரை அனுப்பினேன். கடையிலிருந்து க்ளியர் கோட் டப்பாவை எடுத்துக்கொண்டு நானே சாரம் ஏறினேன்.

அது கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. பூசிய சுவருக்குள் தண்ணீர் போகாது. எத்தனை பேரிடம் சொல்லி விற்றிருப்பேன்: 'ஒரு சொட்டு உள்ள இறங்காது சார், நான் கேரண்டி.'

உச்சி வெயில். தெருவில் ஆள் நடமாட்டம். பயப்பட ஒன்றுமில்லாத நேரம். எழுத்துகளுக்குப் பூசினேன். கோப்பைக்குப் பூசினேன். மூக்கை எரிக்கும் நெடி. பிரஷை அந்த மங்கல் கறையில் வைத்தபோதுதான் உறைத்தது.

பூச்சும் ஈரம்தானே.

எழுந்து வந்தாள்.

கோப்பையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் ஏதோ கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

பிரஷ் அந்த வாயைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தேன்.

திறந்தபோது எழுத்துகள் மின்னின. கோப்பை மின்னியது. முகம் இருந்த இடம் துடைத்துவிட்டது போல வெறுமையாக இருந்தது. கறைகூட இல்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்தார். நெடி பிடித்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் ஏறினார். ஒரு வாளி ஊற்றினார். சுவரில் பட்ட தண்ணீர் அப்படியே உருண்டு இறங்கி, பத்து நாளில் முதல்முறையாகக் கீழே மண்ணை நனைத்தது.

என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். இறங்கி வந்து அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு சொட்டுத் தண்ணி கூடாதுன்னாங்க மச்சான். ராத்திரி பூரா கேட்டா. 'அப்பா, தண்ணி'ன்னு. பதினேழு தடவை. எண்ணிட்டிருந்தேன், வேற என்ன பண்றது? கூஜா என் கைக்கிட்டதான் இருந்துச்சு. கொடுக்கல."

"கொடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல மாப்பிள்ளை."

"விடியறப்ப கேக்கறதை நிறுத்திட்டா. தூங்கிட்டான்னு நெனச்சேன். சந்தோஷப்பட்டேன் மச்சான். அந்த நேரத்துல நான் சந்தோஷப்பட்டேன்."

நான் அவர் தோளில் கை வைத்தேன். அவர் அதைத் தட்டிவிடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்களும் நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கீங்க. என்னை மாதிரியே" என்றார்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணி. வியாபாரம் ஓய்ந்த நேரம். கல்லாவில் கண் அசந்திருந்தேன். டப்பாக்கள் அடுக்கிய உள் அறையிலிருந்து குரல் வந்தது.

"மாமா."

குரல் என்றா சொன்னேன்? காய்ந்த தொண்டை காற்றைத் தேய்க்கிற சத்தம்.

"தண்ணி."

 மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பத்து நிமிஷத்தில் வந்தார். குடத்திலிருந்து ஒரு டம்ளர் எடுத்து, உள் அறையில் ஒரு டப்பாவின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டம்ளரில் தண்ணீர் இறங்கியது.

யாரும் தொடவில்லை. சாயவில்லை. இறங்கியது.

"மெதுவா குடிம்மா. புரையேறிடும்" என்றார் மாப்பிள்ளை.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு அந்தக் குரல் ஒரே ஒரு முறை கேட்கும். அவர் ஒரு டம்ளர் வைப்பார். அது காலியாகும். நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். அவர் சாப்பிட ஆரம்பித்தார். முகச்சவரம் செய்துகொண்டார். முகமில்லாத சுவரைக் கிடங்குக்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு ஸ்டைல்தான்" என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். தங்கை வீட்டில் மறுபடி ரேடியோ பாடியது. எல்லாம் சீராகிறது என்றுதான் நம்பினேன். நோட்டில் பதினாறு கோடு.

பதினேழாம் நாள் அவர் வந்தார். டம்ளரை நிரப்பினார். கீழே வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாய்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து மூடினார்.

"அப்பா. தண்ணி."

"வைங்க மாப்பிள்ளை" என்றேன்.

தலையை ஆட்டினார்.

"அப்பா."

"மாப்பிள்ளை, குழந்தை கேக்குது!"

"இதையும் கொடுத்துட்டா அவ கேட்டதெல்லாம் தீர்ந்துடும் மச்சான்." அவர் முகம் ஒரு முழு டம்ளர் போல, அசைந்தால் வழிந்துவிடும் என்று இருந்தது. "அப்புறம் எதுக்கு அவ என்னைக் கூப்பிடணும்?"

கணக்கு நேராகாமல் நான் எவரையும் கடையை விட்டு இறங்கவிட்டதில்லை. குடம் எனக்கு இரண்டடி தூரம். பக்கத்தில் இன்னொரு டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. எடுத்து, மொண்டு, வைத்தால் முடிந்தது.

என் கையும் நகரவில்லை. எனக்கும் அந்தக் குரலை இன்னொரு நாள் கேட்க வேண்டியிருந்தது.

அதன்பின் மழைக்காலம் ஒன்று போய்விட்டது. தினமும் மூன்று மணிக்கு வருகிறார். டம்ளரை நிரப்பி மூடிக்கொண்டு உட்காருகிறார். முன்பு ஒரு முறை கேட்டவள் இப்போது இருட்டும்வரை கேட்கிறாள். குரல் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டே போகிறது. எழுந்து போகும்போது அவருடைய புறங்கையில் புதிதாக நாலைந்து கீறல்கள் இருக்கும். மெல்லியவை. சின்ன நகங்களால் ஒரு பெரிய கையை விலக்கப் பார்த்தால் எப்படி விழுமோ, அப்படி. தங்கை கேட்டால் பிரஷ் கம்பி குத்தியது என்கிறார். அவளும் மருந்து தடவுகிறாள்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் அப்படியே இருக்கிறது.

கேட்டது பதினேழு. கொடுத்தது பதினாறு. பாக்கி ஒன்று.