முன்னந்தொடையில் ஒரு குண்டு

போன் அடித்தது.

இலக்குப் பெட்டிக்குள் ஈரச் செய்தித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த பெர்மெத், கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"அக்கா, போலீஸ் மேஜர் எசென் பேசறேன். வெள்ளிக்கிழமையோட உங்க வீட்டுக்காரர் கேஸை மூடச் சொல்லிட்டாங்க."

"இன்னிக்குச் செவ்வாய்தானே?"

"ஆமா..."

"அப்போ உங்க துப்பாக்கியைத் தூக்கிட்டுச் சுடுதிடலுக்கு வாங்க. ஷேர்காஸி வர்றான்."



"பத்து நிமிஷம்," என்றார் மேஜர்.

நரின் ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சுடுதிடல் பெர்மெத்துடையது. கணவன் தய்லாக் வனக்காவலன். இரண்டு வருடம் முன்பு ஓர் அக்டோபர் காலையில், "பனிச்சிறுத்தைத் தோல் விக்கிறவன் யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன், சாயங்காலம் சொல்றேன்" என்று மலைக்குப் போனான்.

சொல்லவே இல்லை.

மார்பில் ஒரு குண்டு. யாருடையது என்று தெரியவில்லை. 'தவறிப் பாய்ந்த குண்டு' என்று எழுதி, கோப்பை ஓரமாக வைத்தார்கள்.

வேட்டைக்காலம் தொடங்கும் முன் பள்ளத்தாக்கே அவளிடம் வரும். நனைந்த காகிதக் கட்டுக்குள் சுட்டு, குண்டைத் தோண்டிப் பார்ப்பார்கள். காளான் போல விரிந்திருந்தால் நல்ல குண்டு. சிதறியிருந்தால் ஆடு காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும்.

தோண்டிய ஒவ்வொரு குண்டையும் பெயர் எழுதிப் பெர்மெத் எடுத்து வைத்துக்கொள்வாள். எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். இதுவரை நாற்பத்தொன்று. தய்லாக்கின் மார்பில் எடுத்த குண்டோடு மேஜர் ஒப்பிட்டதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

பாவம், புருஷன் போனதிலிருந்து மூளை குழம்பிவிட்டது என்றது ஊர். அவள் மறுக்கவில்லை. குழம்பியவளிடம் யாரும் ஜாக்கிரதையாகப் பேசுவதில்லை, பாருங்கள்!

ஜீப் வந்து நின்றது. வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சிரிப்பு, பளபளவென்று துப்பாக்கி. வேட்டைக்காரன் ஷேர்காஸி.

"என்ன தங்கச்சி, இன்னும் குண்டு பொறுக்குறியா?"

"பொறுக்குறேன் அண்ணே. ஊர்ல காளான் பொறுக்குறாங்க. எனக்கு இது."

"உன் டப்பாவுல என்னுது மட்டும் இல்லைன்னு பேசிக்கிறாங்களாம். கெட்ட பேரு பாரு. அதான் நானே வந்துட்டேன்."

பக்கத்து மேசையில் மேஜர் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அட, மேஜரும் இருக்காரா? நல்லதாப் போச்சு. சாட்சியும் ஆச்சு."

"சுடுங்க," என்றாள் பெர்மெத்.

டமார்!

திடலின் விதிப்படி ஷேர்காஸியின் துப்பாக்கியிலிருந்து போல்ட்டைக் கழற்றி மேலங்கிப் பைக்குள் போட்டாள். திடலின் விதிப்படி ஷேர்காஸியின் துப்பாக்கியிலிருந்து போல்ட்டைக் கழற்றி மேலங்கிப் பைக்குள் போட்டாள். பிறகு கண்ணில் லென்ஸ்; துப்பாக்கிக் குழல் குண்டின்மேல் கீறிய வரிகளை எண்ணினாள்.

"எத்தனை வரி அக்கா?" என்றார் மேஜர்.

"ஆறு."

"தய்லாக் மார்புல எடுத்ததுல?"

"நாலு."

ஷேர்காஸி கைதட்டினான்.

"மனசு ஆறுச்சா? நாலு வரி விழுறது என் பழைய துப்பாக்கியில. அது அந்த வருஷம் ஆகஸ்ட்டுலயே ஆத்தோட போச்சு. எழுதிக் குடுத்திருக்கேன்."

"ஆமா. நான்தான் முத்திரை குத்தினேன்," என்றார் மேஜர், தன்னையே திட்டிக்கொள்ளும் குரலில்.

"அப்போ அக்டோபர்ல, அவர் போன அன்னிக்கு, நீங்க ஒரு மலையாடு அடிச்சீங்களே... அது எதால?"

"இதாலதான். ஒரே குண்டு. எங்கிட்ட இருக்கறதே இது ஒண்ணுதான்."

"நிச்சயமா?"

"கையெழுத்துப் போடட்டுமா?"

"போடுங்களேன்." மேஜர் அதை ஒரு தாளில் எழுதிப் பேனாவை நீட்டினார்.

சுழித்துச் சுழித்துப் போட்டான். மனிதனுக்குத் தன் கையெழுத்தின்மேல் அவ்வளவு ஆசை.

பெர்மெத் லென்ஸைக் கழற்றினாள்.

"அன்னிக்கு நான் பாலத்துல நின்னேன், ஞாபகம் இருக்கா? அவர் வருவாருன்னு. நீங்க வந்தீங்க. குதிரைமேல ஆடு. நான் ஷிரால்கா கேட்டேன்."

வேட்டையிலிருந்து திரும்புகிறவன், வழியில் முதலில் எதிர்ப்பட்டுக் கேட்பவருக்குப் பங்கு தரவேண்டும். அதுதான் ஷிரால்கா. மறுத்தால் அவன் துப்பாக்கிக்கு இனி எதுவும் விழாது. அவள் புருஷனைக் கொன்றுவிட்டு இறங்கியவனுக்கும் அந்தப் பயம் இருந்தது!

"முன்னந்தொடையை அறுத்துக் குடுத்தீங்க. நானும் வாழ்த்திட்டு வாங்கினேன். சமைச்சேன். அவர் பங்கை... அவர் பங்கை எடுத்து மூடி வெச்சேன் அண்ணே."

ஷேர்காஸியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்தக் கறிக்குள்ள ஒரு குண்டு. நாலு வரி. மூணாவது வரியில ஒரு கீறல். போன மாசம் மேஜர் மார்புக் குண்டைக் காட்டினாரு. அதே கீறல்."

மேஜர் ஒரு பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தார். "ரெண்டும் ஒரே துப்பாக்கின்னு பிஷ்கெக் ஆய்வுக்கூடம் எழுதிட்டாங்க. ஆகஸ்ட்டுல ஆத்தோட போனது, அக்டோபர்ல ஆடு அடிக்க நீந்தி வந்துச்சா?"

"இவ எங்கயாவது பொறுக்கிட்டு வந்து கறியில இருந்துச்சும்பா! யாரு பார்த்தா?"

"பார்க்கலை. கடிச்சேன்."

என்று சொல்லிக்கொண்டே திடலோரக் குடிசையின் கதவைத் திறந்துகொண்டு வந்தார் பக்கத்து வீட்டுச் சாதிர்பாய். வயது எழுபது. முன்பல் ஒன்று இல்லை. கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம்.

"அன்னிக்கு எனக்கு இவ வீட்டுலதான் சாப்பாடு. மறுநாளே பெரியவங்க மன்றத்துல உன்மேல புகார் குடுத்தேனே, மறந்துட்டியா தம்பி?"

தய்லாக்கின் உடல் கிடைக்க அப்போது இன்னும் இரண்டு நாள் இருந்தது. சத்தமில்லாமல் முடிந்தால் போதும் என்று ஷேர்காஸி ஓடிப்போய் எழுதிக் கொடுத்த காகிதம் அது.

மேஜர் உரக்கப் படித்தார்.

"'சாதிர்பாயின் பல்லை உடைத்தது என் குண்டுதான். மன்னிக்கவும். ஷேர்காஸி.' குண்டையும் பல்லையும் ஒரே உறையில போட்டு அரக்கு வெச்சிருக்காங்க. அந்த அரக்கை உடைச்சது நான்."

"இவன் மன்னிப்பு கேட்ட ஒரே ஆள் நான்தான். அதான் மாட்டி வெச்சேன்," என்றார் கிழவர்.

மேஜர் இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்தார். அதே சுழிப்பு. அதே ஆசை.

ஷேர்காஸி துப்பாக்கியைப் பாய்ந்து எடுத்தான். பெர்மெத்தைக் குறிவைத்தான்!

அவள் நகரவில்லை. பையிலிருந்து போல்ட்டை எடுத்துக் காட்டினாள். அது இல்லாமல் துப்பாக்கி வெடிக்காது.

"திடலோட விதி அண்ணே. சுட்டு முடிச்சா கழட்டணும்."

விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

"ரெண்டு வருஷமா அவரைக் கொன்னவனைச் சுடணும்னுதான் கனவு. ஆனா சுட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். நீங்க ஜெயில்ல கெடந்து கிழவனாகணும். என் புருஷனுக்குக் கிடைக்காத வயசையெல்லாம் நீங்க அங்க உக்காந்து எண்ணணும்."

ஜீப் போனது. அவள் நனைந்த காகிதங்களின் மேல் உட்கார்ந்து, இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அழுதாள்.

சாதிர்பாய் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. ஈறைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, இப்பவாவது இந்த ஓட்டைக்கு ஒரு பல்லு கட்டிக்கலாமா... இல்லை, சாட்சி சொல்ல இதையும் கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்களா?"