பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை

குவிமாடத்தின் உச்சியில் செயற்கைச் சூரியனை ஏற்றியதும் தும்முநர் தெருவுக்கு வந்துவிடுவார். அரசாங்க உத்தியோகம். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, வணக்கம் சொல்லி, வீட்டார் முகத்துக்கு நேரே ஒரு தும்மல் போட வேண்டும். தும்முநர் கில்பர்ட் சுத்தமான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, தன்மையான பேச்சு. ஆனாலும் அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும்.

"எல்லாரும் வெளியூர் போயிருக்கோம் சார்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். செவ்வாய்க் கிரகத்தில் மொத்தம் இருப்பதே இந்த ஒரு ஊர்தான்.

விஷயம் இதுதான். பூமியில் செங்காய்ச்சல் என்றொரு புது நோய் பரவிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க அங்கே உருவாக்கியதுதான் பரவூசி. பெயரில்தான் ஊசி. உண்மையில் அது ஒரு சாதுவான கிருமி. யாரைத் தொற்றுகிறதோ அவரைச் செங்காய்ச்சல் அண்டாது. செய்முறை வானொலியில் வந்து சேர்ந்தது. குவிமாடத்து ஆய்வகம் முக்கி முனகி ஒரு சின்னக் குப்பி அளவுக்குத் தயாரித்தது. அது கில்பர்ட் ஒருவருக்கே சரியாகப் போயிற்று. மிச்சத்தை மனிதர்களே மனிதர்களுக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும். செங்காய்ச்சல் காற்றுக் குழாய்களில் புகுந்து ஊரையே சுற்றி வரும். பரவூசிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒன்று, நேருக்கு நேர் தும்ம வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும்.

இலவசமாகத் தும்முகிறேன் என்று அரசாங்கம் வாசலுக்கே வந்தால் மக்களுக்குச் சந்தேகம் வராதா? முடி கொட்டும் என்றார்கள். கில்பர்ட்டின் வழுக்கை அதற்குச் சாட்சி ஆயிற்று.

சுகாதார அதிகாரி டாக்டர் அருள்விழிக்கு இதில் அரசாங்கக் கவலையைவிடச் சொந்தக் கவலைதான் பெரிது. பூமியிலிருந்து வந்துகொண்டிருந்த கப்பலில் அவள் கணவன் கதிரேசன் இருந்தான். வேலையாக இங்கிருந்து பூமிக்குப் போய் ஆறு வருடங்கள். கப்பலில் செங்காய்ச்சல் வந்து எல்லாரும் தேறிவிட்டார்கள். ஆனால் கிருமி அவர்களிடம் தங்கியிருக்கலாம். ஊரில் பத்துக்கு ஒன்பது பேரையாவது பரவூசி தொற்றியிருந்தால் கப்பல் இறங்கலாம், இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டும் என்று நகர மன்றம் முடிவு செய்திருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசல் நிலையிலும் பதித்திருந்த நுகர்வான் கருவிகள் மூச்சை முகர்ந்து கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கு பத்துக்கு ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. கப்பலோ இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டது.

மக்கள் பயம் தெளியட்டும் என்று அருள்விழி சந்தையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கக் கில்பர்ட்டிடம் தும்மல் வாங்கிக்கொண்டாள். அவள் போதாத வேளை, ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் காய்ச்சல் அவளுக்கே வந்தது. இரண்டு நாளில் தானாக விட்டுவிடும் காய்ச்சல்தான். ஆனால் டாக்டரே படுத்துவிட்டாள் என்றால் ஊர் என்ன பேசும்?

மன்றத் தலைவர் ஜமாலுதீன் பதறிப்போய் அவளை மருத்துவமனை அறையில் சேர்த்தார். வாசலில் 'பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று பெரிய பலகை வைத்தார். பலகைக்குப் பக்கத்தில் ஒரு எந்திரக் காவலனையும் நிறுத்தினார். "நெருங்கிய சொந்தம் தவிர ஒரு ஈ காக்கை உள்ளே போகக் கூடாது" என்று கட்டளை.

எல்லாம் போயிற்று என்று அருள்விழி சுவரைப் பார்த்துப் படுத்தாள். கதிரேசன் வாசல்வரை வந்து திரும்பிப் போகப்போகிறான், அதற்குக் காரணம் தன் அவசரப் புத்தி என்று நினைத்தபோது அழுகை வந்தது.

மதியம் கதவு திறந்தது. எதிர்வீட்டு மரகதம், கையில் ரசத்தோடு.

"என்னம்மா, இப்படி வாடிப் போயிட்டீங்க?" என்று கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, யாரும் வரக் கூடாதுன்னு பலகை வச்சிருக்கே, பாக்கலையா?"

"பாத்தேன் டாக்டரம்மா. அது வெளியாளுங்களுக்கு."

"காவலன் எப்படி விட்டான்?"

"சொந்தமான்னு கேட்டான். உங்க வீட்டுக்காரரோட சித்தி மருமக எனக்கு நாத்தனார் முறைன்னேன். கணக்குப் போட்டுப் பாத்துட்டு வழி விட்டுட்டான்."

எந்திரக் காவலன் பொய்யை நம்ப மாட்டான். ஆனால் இது பொய்யே இல்லை. சில குடும்பங்களிலிருந்து பெருகிய ஊர் அது. எந்திரனின் கணக்கில் குவிமாடத்தில் இருந்த எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். எதுவரை நெருங்கிய சொந்தம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மரகதத்துக்குப் பின்னால் அவள் கணவன் வந்தான். பிறகு சந்தைக்காரர்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியைகள், எட்டாவது வீதி முழுவதும். கில்பர்ட்டைக் கண்டு கதவைச் சாத்தியவர்கள் இங்கே வரிசையில் நின்றார்கள். சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகிறோம் என்று வந்தவர்கள் அரைமணி நேரம் உட்கார்ந்தார்கள். தங்கள் வீட்டில் யார் யாருக்கு இதைவிடப் பெரிய காய்ச்சல் வந்தது என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். இன்னொருவருக்கும் காய்ச்சல் வந்தால் பழி கூடுமே என்று அருள்விழி முகமூடி போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு, "உங்ககிட்ட எங்களுக்கு என்ன வித்தியாசம்?" என்று கோபித்துக்கொண்டார்கள். வராதவர்களை வந்தவர்கள் ஏசினார்கள். ஏச்சு காதில் விழுந்ததும் அவர்களும் வந்தார்கள். அருள்விழி போர்வைக்குள் முகத்தைப் புதைத்துத் தும்மினாள். தலைவலி மண்டையைப் பிளந்தது. இந்த ஜனங்களை என்ன செய்தாலும் தகும் என்று தோன்றியது.

மறுநாள் ஜமாலுதீன் தொலைபேசியில் கூவினார். "டாக்டர், நுகர்வான் கணக்கு ஏறுது! பத்துக்கு நாலு! எட்டாவது வீதியில ஒரு வீடு பாக்கி இல்ல. என்ன மந்திரம் பண்ணினீங்க?"

அருள்விழி எழுந்து உட்கார்ந்தாள். அறை முழுக்கக் குவிந்திருந்த பழங்களைப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகையும் வந்தது.

"அந்தப் பலகையை இன்னும் பெருசா வைங்க" என்றாள். "சிவப்பு எழுத்துல. அடுத்த அறையில கில்பர்ட்டைப் படுக்க வைங்க. அவருக்கு ரொம்ப முடியலைன்னும், யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னும் சொல்லுங்க."

கில்பர்ட்டைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. சாத்திய கதவுக்காகச் சிலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக்கூடக் கேட்டார்கள். கப்பல் குவிமாடத்தை நெருங்கியபோது பத்துக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது. கதிரேசன் ஏணியில் இறங்கினான். மெலிந்திருந்தான். அருள்விழி ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்க்கவும் ஊரே வந்திருந்தது.

அங்கேயும் பரவூசி பரவாமல் தவித்துக்கொண்டிருந்த பூமியின் சுகாதாரப் பேரவை, எப்படிப் பரப்பினீர்கள் என்று ஆச்சரியத்தோடு கேட்டது. முன்னொரு காலத்தில் எத்தனையோ தொற்றுநோய்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த பழக்கம்தான் இது என்று அருள்விழி ஒளிவுமறைவில்லாமல் எழுதி அனுப்பினாள். அவர்களும் பலகை வைத்தார்கள். நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. பலகையை மதித்து, அவரவர் அறையிலிருந்தபடியே கூப்பிய கைகளும் பூங்கொத்தும் போட்ட படத்தை அனுப்பி, 'விரைவில் நலம் பெறுக' என்று வாழ்த்தினார்கள். படத்தில் ஏறிப் போகப் பரவூசிக்குத் தெரியவில்லை.

பேரவையின் அடுத்த செய்தி பணிவாக இருந்தது. நோயாளியைப் பார்க்கப் போகத் தெரிந்தவர்கள் சிலரை அனுப்பி வைக்க முடியுமா? அவர்கள் கற்றுக்கொடுத்தால் பிழைத்துக்கொள்கிறோம்.

அருள்விழி மரகதத்திடம் கேட்டாள்.

"அதுக்கென்ன, பாவம், போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று மரகதம் அப்போதே எழுந்துவிட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"ஏன் டாக்டரம்மா, அங்க அத்தனை கோடிப் பேரு இருக்காங்களே. ஒருத்தருக்கொருத்தர் சொந்தமே இல்லையா?"