எட்டரை மணி மழை

2004 ஜூன் 15, செவ்வாய்க்கிழமை. காலை 10.20.

இழுப்பறையில் இரண்டு மாத்திரை அட்டைகளும் கண்ணைக் கட்டிக்கொள்ளும் ஒரு கறுப்புத் துணியும் இருந்தன. நீல அட்டை நோட்டு மட்டும் இல்லை.

கிருபாவதி மூன்றாம் முறையாக இழுப்பறையைக் கவிழ்த்துத் தட்டினாள். அனுமந்தன்பட்டிக்கு அருகிலிருந்த அந்தத் தனியார் திராட்சைப் பண்ணையின் ஆய்வகத்தில் அவள் ஒன்பது ஆண்டுகளாக உதவியாளர். கடந்த ஓராண்டில் இருபத்துமூன்று நாள் பாதி வேலையில் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தாள். ஒற்றைத் தலைவலி என்று அவள் சொன்னாள். நடிப்பு என்று மேலாளர் வினோத்ராஜ் எழுதினார். அவளை நீக்கலாமா என்று விசாரித்துச் சொல்ல நியமிக்கப்பட்ட உத்தமபாளையம் வழக்கறிஞர் சாராள், குறித்த நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னதாகவே வந்து வாசலில் நின்றிருந்தார்.

“நோட்டில் என்ன இருந்தது?”

“ரெண்டு வருசத்துத் தலைவலி மேடம்.”

தேனி மருத்துவர் ஒருவர் எழுதச் சொன்னது அது. வலி வந்த நாளின் உறக்கம், உணவு, வானம் ஆகிய மூன்றையும் அவள் குறித்து வந்தாள். உறக்கமும் உணவும் நாளுக்கொரு விதமாக இருந்தன. வானம் மட்டும் பெரும்பாலும் ஒன்றையே சொன்னது. வெயில் சட்டென்று இறங்கி, மலையிலிருந்து குளிர்காற்று வந்து, மழைக்கு மேகம் கூடும் நாள்களில் அவளுடைய இடப்பக்க நெற்றி இடிக்கத் தொடங்கிவிடும். எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது, இவளுக்கு அப்படித்தான் போலிருக்கிறது என்றாராம் மருத்துவர். நோட்டையும் பண்ணையின் வானிலைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அவள் கேட்டிருந்த ஒரே நீதி.

இழுப்பறைக்குப் பூட்டு இல்லை. அறையின் சாவி மூவரிடம் இருந்தது: வினோத்ராஜ், கூலியாள்களின் வருகைப் பதிவை வைத்திருக்கும் மேஸ்திரி பூமாரி, வானிலை அளவெடுக்கும் கர்ணன்.

10.45. வினோத்ராஜ் நோட்டைக் கண்ணால் கண்டதில்லை என்றார். தலை இருந்தால் வலி இருக்கும், அதற்கு ஒரு நோட்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் சாராள் அப்படியே எழுதிக்கொண்டார்.

11.05. பூமாரி உட்கார மறுத்துவிட்டாள்.

“அந்த நோட்டு எங்களுக்கு எதுக்கு மேடம்? கிருபாம்மா நெத்தியைப் பிடிச்சா மழை வருதுன்னு நாங்க அங்கன கொடிப்பந்தலுக்குச் சாக்கைப் போத்திக்கிட்டுப் போவோம். ரேடியோ பொய் சொல்லும், அவுக மண்டை பொய் சொன்னதில்ல. மேனேஜர் சாருக்கு நெத்தி இருக்கு, மழையா வெயிலான்னு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

மழைக்காக வேலை நின்ற நாள்களையும் நேரங்களையும் வருகைப் பதிவில் குறிப்பதுண்டா என்று சாராள் கேட்டார். குறிக்காமல் அரைநாள் கூலி எப்படிப் போடுவது என்று சொல்லி, பூமாரி அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

11.30. கர்ணன், வயது நாற்பத்தெட்டு. கிருபாவதியின் பக்கத்து வீட்டுக்காரர். வலி வரும் நாள்களில் அவளைத் தம் சைக்கிளில் வைத்து வீட்டில் விடுபவர் அவரே. கேட்பதற்கு முன்பே பேசத் தொடங்கினார்.

“மேடம், ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. மழைமானியைத் தெனமும் காலைல எட்டரைக்குத்தான் அளக்கணும். நேத்துச் சாயந்திரம் பெஞ்ச மழை இன்னைக்குத் தேதியில ஏறும். அதனால இந்தப் பிள்ளைக்கு வலி வந்த நாளைக்கு மறுநாள்தான் ஏட்டுல மழை இருக்கும். ஒருநாள் தள்ளியிருக்கு, பொய்ன்னு சொல்லிறாதீக.”

“தினமும் எட்டரைக்கா?”

“பதினாலு வருசமா.”

அவர் சாராளை அழைத்துப் போய் மழைமானியைக் காட்டினார். அதையடுத்து வெப்பமானிகள் உள்ள வெள்ளைப் பெட்டி, சாய்சட்டக் கதவுகளில் சிறு பூட்டுடன் நின்றது. அதைத் திறக்கச் சொன்னபோது, நேரம் கெட்டுத் திறந்தால் அளவு கெடும் என்றார் கர்ணன். சாவி அவர் இடுப்புக் கயிற்றில் இருந்தது.

பிற்பகல் 1.10. சாராள் சாப்பாட்டை ஒத்திவைத்தார். நோட்டு இல்லாவிட்டால் என்ன, மழை பெய்த நாளை வருகைப் பதிவும் சொல்லுமே. அதை இடப்பக்கமும் வானிலைப் பதிவேட்டை வலப்பக்கமும் வைத்து ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்தினார். ஆகஸ்டில் பொருந்தியது, கூலியாள்கள் கலைந்த நாளுக்கு மறுநாள் மழையளவு இருந்தது. செப்டம்பரிலும் அப்படியே. அக்டோபர் 14-இல் விரல் நின்றது.

2.30. கர்ணன் மீண்டும் அழைக்கப்பட்டார். கிருபாவதி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“சென்ற அக்டோபர் 14-ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு மழை; வேலை நின்றது. பூமாரியின் பதிவு. உங்கள் ஏட்டிலும் அதே 14-ஆம் தேதிதான். காலை எட்டரை என்று கையெழுத்து இருக்கிறது. பிற்பகலில் பெய்த மழை காலையிலேயே எப்படி அளவில் வந்தது?”

கர்ணன் இடுப்புக் கயிற்றிலிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டார்.

“நவம்பர் 22 வரை நாற்பது நாளும் இப்படித்தான். பிறகு சரியாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கும் விதியை நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்.”

“சொல்லாட்டி இந்தப் பிள்ளையைப் பொய்க்காரின்னு எழுதிருவீகளே” என்றார் அவர்.

அதன்பின் மறைக்க எதுவும் இருக்கவில்லை. அந்த நாற்பது நாளும் அவர் மனைவி ஜக்கம்மா மதுரையில் மருத்துவமனையில் கிடந்தாள். முதல் பஸ்ஸில் போய் மாலையில் திரும்பி, அதன்பின் மழைமானியை அளந்து, அன்றைய தேதியிலேயே எழுதினார். நாள் விட்டால் வேலை போகும். வேலை போனால் மருந்து நிற்கும். மருந்து நிற்கவில்லை. ஜக்கம்மாதான் நவம்பர் 22-இல் நின்றுபோனாள்.

“தண்ணி அளவு பொய்யில்ல மேடம். மணிதான் பொய். நோட்டையும் ஏட்டையும் பக்கத்துல வச்சா வெளிய வந்துரும்னு நேத்து எடுத்தேன். நான் வாயால சொல்லியே இவளைக் காப்பாத்திரலாம்னு நெனச்சேன். எரிக்க மனசு வரல.”

“வெள்ளைப் பெட்டியில் இருக்கிறது” என்றார் சாராள்.

கர்ணன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சாவியை மேசைமேல் வைத்தார்.

நோட்டு வந்தது. கிருபாவதியின் இருபத்துமூன்று நாளும் அதில் இருந்தன. ஒன்பது, அந்த நாற்பது நாளுக்குள் விழுந்தன. காரணத்தை எழுதாமல் விட்டால், ஒன்பது பொருந்தவில்லை, நோட்டே புனைவு என்பார் வினோத்ராஜ். எழுதினால் கர்ணன் போவார். நவம்பர் 6-இன் கீழே கிருபாவதியின் சிறிய எழுத்து இருந்தது: ‘கடும் வலி. கண் திறக்க முடியவில்லை. பாதி வேலையில் எழுந்தும் தனியே வீட்டுக்குப் போக முடியவில்லை. காலையிலேயே மதுரை போன கர்ணன் அண்ணன் மாலை 6.10-க்குத் திரும்பி வந்து வீட்டில் விட்டார்.’

நன்றிக்காக எழுதிய வரி. அதைவிடத் தெளிவான சாட்சி வேறெதுவும் இல்லை. சாராள் இருமுறை படித்தார். பிறகு அதைத் தம் அறிக்கையில் படியெடுத்தார். காலையில் அந்த எட்டரை மணி விதியைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. கேட்டாயிற்று.

“நோட்டையும் ஏட்டையும் வச்சுப் பாக்கச் சொல்லி நான் கேக்காமலேயே இருந்திருக்கலாம் அண்ணே” என்றாள் கிருபாவதி.

“நீ எழுதுனது நெசம் தாயி. நெசத்தை எழுதுனதுக்கு யாரு என்ன சொல்ல முடியும்.”

4.40. மேற்கே மலை மறைந்திருந்தது. சன்னல் வழியே குளிர்காற்று வந்து தாள்களைப் புரட்டியது. கிருபாவதியின் கை இடப்பக்க நெற்றிக்குப் போயிற்று. பந்தலுக்குள் பூமாரி சாக்குகளை எடுக்கச் சொல்லிக் கூவினாள். கர்ணன் வெளியே போய்ச் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார்.

“வா, ஏறு. வலி முத்துறதுக்குள்ள போயிரலாம்.”

அவள் கறுப்புத் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு அவர் தோளைத் தேடிப் பிடித்து ஏறினாள். அவர்கள் வாயிலைக் கடப்பதற்குள் சாரல் விழத் தொடங்கியது.

சாராள் அறிக்கையில் கையெழுத்திட்டார். இந்த மழை நாளைய தேதியில் ஏறும். காலை எட்டரைக்கு அதை அளக்கப்போவது யார் என்பது பண்ணையில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது.