பலாக்கன்று வைக்காத வீடு

எங்கள் தெருவில் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே நிழல் பார்த்துவிடுவோம். பெரிய சூரியன் பொன்னனுக்கு ஒரு நிழல், சின்னச் சூரியன் செம்மிக்கு ஒரு நிழல். செம்மியின் நிழல் சாயம்போன வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தால் நிம்மதி. இந்த வருஷம் அது கறுத்துக்கொண்டே வருகிறது.

செம்மி நெருங்குகிறாள், அவ்வளவுதான் என்றார் பக்கத்து வீட்டு அறவாழி. வளையக் கணிப்பகத்தில் பெரிய பதவி. இரண்டு சூரியன் இருந்தால் வாழ்வளையம், அதாவது தண்ணீர் கொதிக்காமலும் உறையாமலும் இருக்கிற பட்டை, ஒரே இடத்தில் நிற்காதாம். கொஞ்சம் தள்ளினாலும் நம் கோள் அதற்குள்தான் இருக்குமாம். தெரு பார்க்க, கோளை விட்டுப் போகிற கடைசிக் கப்பலுக்கான தன் வீட்டு டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். நம்பிக்கைக்கு அடையாளமாகக் கணிப்பகத்திலிருந்து வீட்டுக்கொரு பலாக்கன்று வந்தது; காய்க்கவே பல வருஷம் ஆகும். நட்டோம்.

அவர் வீட்டில் மட்டும் கீரை. மாதம் திரும்புவதற்குள் பறித்துவிடுகிற சங்கதி. பிறத்தியார் தோட்டத்தைப் பார்க்கிற வழக்கம் எனக்கில்லை. மாடியில் துணி காயப்போடும்போது கண் தானாகப் போகிறது.

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் அவர் மனைவியிடம் போனேன்.

"என்ன பூங்கொடி, பலாக்கன்னு எங்க? அதுக்குள்ள பழுத்துருச்சா?"

"இடமில்லக்கா."

"கீரைக்கு இருக்கே."

"அவருக்குக் கீரைன்னா உசுரு," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று மாலைக்குள் தெருவுக்கே அது தெரிந்துவிட்டது, எப்படியோ. மறுநாள் கீரைப் பாத்தி நடுவே தளதளவென்று ஒரு கன்று. எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அறவாழி வீட்டார் வெளியே போனதும் வேலி தாண்டிப் போய் லேசாக இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்தது. வேர் இல்லை, வெட்டி ஊன்றிய கிளை.

திரும்ப ஊன்றி, மண்ணை அழுத்தி, ஒரு செம்பு தண்ணீரும் விட்டேன்.

மகளுக்கும் மருமகனுக்கும் டிக்கெட் இருந்தது. "திருப்பிக் குடுத்துறாதடி. ஏன்னு கேக்காத," என்றேன். எனக்குத்தான் இல்லை. யாராவது திருப்பிக் கொடுக்கிற டிக்கெட், கணிப்பக வரிசையில் முன்னால் நிற்பவருக்கு.

எதிர்வீட்டு மரகதம் வந்தாள். "உங்களுக்குத் தெரியாததா அக்கா? அறவாழி வீட்டுக் கன்னு எப்படி இருக்கு? நாங்களும் நாளைக்கு டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துரலாம்னு பாக்குறோம்."

"நல்லா வேர் புடிச்சிருக்கு," என்றேன்.

விடியும்போதே கணிப்பகத்துக்குப் போய்விட்டேன். எனக்கு முன்னால் ஒருத்தி முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். பூங்கொடி. தள்ளி நின்று எனக்கு இடம் விட்டாள். இருவரும் மரகதம் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.