கன்னத்தில் ஒரு முக்கோணம்

கட்டைப் பிரித்தபோது அந்தப் பெண் கத்தவில்லை.

தோல் டாக்டரைக் கலவரப்படுத்தியது அதுதான்.

இடது கன்னத்தில் தீக்காயம். முக்கோணமாக... நுனி மட்டும் கூர்மையாக.

கூட வந்த கணவன் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். மேஜை மேலிருந்த டாக்டரின் செல்போனை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"போன வாரம் நீங்கதானே இவளுக்கு லேசர் வச்சீங்க டாக்டரம்மா? அதுல வெந்துபோச்சுன்னு எழுதிக் கொடுங்க."

"நான் வச்சது உதட்டுக்கு மேல, முடி போறதுக்கு. இது அயர்ன் பாக்ஸ் சூடு."

"யார் நம்புவா? சம்மதம்னு இவகிட்ட கையெழுத்து வாங்கினீங்களா? போட்டோவாவது எடுத்தீங்களா?"

டாக்டர் இரண்டையும் செய்யவில்லை.

சின்ன சிகிச்சைதானே என்று வாய்வார்த்தையோடு விட்டிருந்தாள். கோர்ட்டில் அவள் பேச்சு எடுபடாது. எழுதினால் லைசென்ஸ் போகும். எழுதாவிட்டால்... இந்தக் கதவு திறக்காது.

வெளியே ரிசப்ஷனில் ஆள் இல்லை. சாப்பாட்டு நேரம்.

"நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கம்மா."

மனைவி தரையையே பார்த்தாள். "லேசர்தான் டாக்டர்."

போச்சு.

டாக்டர் மெல்ல நிமிர்ந்தாள். "சரி, எழுதறேன். ஆனா வேற டாக்டர் பார்த்தா இந்த முக்கோணமே காட்டிக் கொடுத்துடும். சுத்தி நாலு இடத்துல லேசர் வச்சிடறேன்."

"அப்படி வாங்க வழிக்கு."

"நீங்களும் இதைக் கண்ணுல மாட்டிக்கங்க. ஒளி பட்டா பார்வை போயிடும்."

அவள் நீட்டியது டாக்டர்கள் அணியும் கண்ணாடி அல்ல. நோயாளியின் கண்ணை அடைக்கும் உலோகக் கவசம். பொட்டு வெளிச்சமும் நுழையாது.

மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

மெஷின் உறுமியது.

"அசையாதீங்க..." என்றபடியே டாக்டர் மனைவியின் மணிக்கட்டைப் பற்றினாள். அதற்கே காத்திருந்தவள் போல அவள் எழுந்தாள். மெஷின் சத்தத்தில் தாழ்ப்பாள் விலகியதே கேட்கவில்லை.

இருவரும் வெளியே வந்ததும் டாக்டர் கதவைப் பூட்டினாள்.

"டாக்டரம்மா... ஆரம்பிச்சாச்சா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

ரிசப்ஷன் போனில் போலீசுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினாள் டாக்டர்.

"உள்ள ஏம்மா லேசர்னு சொன்னீங்க?"

"அந்த யோசனையே நான் கொடுத்ததுதான் டாக்டர்."

"என்னது?"

"சூடு வச்சதுலேர்ந்து என்னை வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிட்டார். யாராவது கேட்டா பழியை உங்க மேல போட்டுடலாம், எழுதி வாங்குங்கன்னேன். உடனே வண்டியை எடுத்தார்."

உள்ளே கதவு இடிபட ஆரம்பித்தது.

டாக்டர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "என் லைசென்ஸ் போயிருந்தா?"

"மன்னிச்சுடுங்க டாக்டர். வேற எந்த வியாதிக்கும் அவர் வாசக்கதவைத் திறக்க மாட்டார்."