காலித் தட்டின் எடை

காலித் தட்டு எடை காட்டியது.

மூட்டை நிறுக்கும் எடை மெஷின் அது. அதைப் பழுது பார்க்க உட்கார்ந்திருந்தவளுக்கு வாசலைத் தாண்டினாலே மூச்சு முட்டும். அதனால் பட்டறை முதலாளி பழுது வேலையை வீட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த முறை பொறுமை இழந்துவிட்டார். நாளை அவளே நேரில் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் வேலைக்கு வேறு ஆள்.

தட்டின் அடியில் ஓர் உலோகக் கட்டை இருக்கும். பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பி இழுபடும். அந்த இழுப்பைத்தான் மெஷின் எண்ணாக மாற்றுகிறது. பாரமில்லாமல் கட்டை வளையாது. ஈரமோ என்று துடைத்தாள். கம்பியை மாற்றினாள். எண் அசையவில்லை.

பூஜ்ஜியமாக்கும் பொத்தானை அழுத்தினாள். மழை மூட்டத்தில் அறை மங்கியிருந்தது. சூடான ஈயத்தின் வாடை மூக்கில் ஒட்ட, எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருக்க, பூஜ்ஜியத்தின் முன்னால் மெதுவாக ஒரு மைனஸ் குறி முளைத்து எண் கீழே கீழே போனது.

தட்டிலிருந்து ஏதோ இறங்கியிருக்கிறது.

அதே நொடியில் அவள் நெஞ்சு அழுந்தியது. பழகிய கனம். தினமும் காலையில் எழவிடாத அதே கனம். தரையில் சரிந்தாள்.

போன் அடித்தது. அக்கா.

"மாத்திரை போட்டியாடி?"

"ம்."

"சாப்பாடு? இல்ல, அந்த மெஷினையே கடிச்சுத் தின்னுட்டியா?"

"அக்கா... நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்கன்னு சொல்வேன்ல?"

"சொல்வே. நானும் ஒண்ணும் இல்லடின்னு சொல்வேன்."

"ஒண்ணும் இல்லன்னு சொல்லாதக்கா. இருக்கு."

"சரி. இருக்கு. காலைல வாசல்ல வந்து நிக்கிறேன்."

நெஞ்சு லேசானது. மெஷினில் மைனஸ் மறைந்தது.

அவள் அசையாமல் யோசித்தாள். ஒன்றுமில்லை என்று பூஜ்ஜியமாக்கியபோதுதான் அது இறங்கி வந்தது. இத்தனை காலமும் ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்லிச் சொல்லி அவள் செய்ததும் அதைத்தான்.

எண் காட்டும் தன் பழைய தராசை எடுத்து அருகில் வைத்தாள். ரப்பர் விரித்த தட்டு.

காத்திருந்தாள்.

மெஷினில் எண் சரிந்தது. தராசில் ஏறியது.

காலையில் தள்ளுவண்டியில் மெஷினை ஏற்றி, அதன்மேல் தன் தராசை வைத்தாள். கதவைத் திறந்தாள். காலை வெளியே வைத்தாள். மூச்சு வந்தது. வாசலில் நின்ற அக்கா வண்டியைப் பிடித்து இழுத்துத் திணறினாள்.

"என்னடி இது, ஆளை ஏத்தின மாதிரி கனக்குது?"

அவள் தராசின் தட்டைப் பார்த்தாள். ரப்பரில் இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன. விரல்கள் அவளைப் பார்த்து.

மெஷினில் பழுதில்லை. பொத்தானை அழுத்தக்கூடாது, அவ்வளவுதான். அந்தக் கனத்துக்கென்று ஒரு தட்டு இருந்தால், அது நெஞ்சில் ஏறாது.